மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனப் பொட்டு

ஏற்காட்டு மலையில் தலைச்சோலைக்கு மேலே உள்ள அந்தக் காபி எஸ்டேட்டில் இதுவரை இரண்டு பேர் கேப் இயர் எடுத்திருக்கிறார்கள். முதலாமவர் முதலாளியின் பேரன். பெங்களூரில் படிப்பை முடித்துவிட்டு வந்து, ஒரு வருடம் பங்களாவில் தங்கினார். காலையில் பனியைப் படம் எடுப்பார், மத்தியானம் தூங்குவார், சாயங்காலம் "என்னைத் தேடிக்கொண்டிருக்கிறேன்" என்று இன்ஸ்டாகிராமில் போடுவார். எஸ்டேட்டில் எல்லோர் கண்ணுக்கும் அவர் தினமும் தென்பட்டுக்கொண்டுதான் இருந்தார். அவருக்கு மட்டும்தான் கிடைக்கவில்லை.

இரண்டாவது ஆள் சுகுணா. ரைட்டர் மாரிசாமியின் மகள். சேலத்தில் விடுதியில் தங்கி தாவரவியலில் பட்டம் வாங்கியவள். எம்.எஸ்ஸி. சேர்வதற்கு முன் ஒரு வருடம் இடைவெளி விடுவது என்று முடிவெடுத்தாள். பேரன் எடுத்தபோது அதற்குக் கேப் இயர் என்று பெயர். சுகுணா எடுத்தபோது, "ரைட்டர் புள்ள படிச்சுட்டுச் சும்மா ஊட்ல உக்காந்திருக்குது" என்று பெயர்.

எஸ்டேட்டில் ரைட்டர் என்பவர் கதை எழுதுகிறவர் அல்ல. யார் வேலைக்கு வந்தார்கள், யார் எவ்வளவு பழம் பறித்தார்கள் என்று எழுதுகிறவர். அது கதை எழுதுவதைவிட உயர்ந்த தொழில் என்பது மாரிசாமியின் எண்ணம். தினமும் பொழுது சாயும் நேரத்தில் ஒரு மலைச்சரிவே தன் பேனாவுக்காக வரிசையில் நிற்பது எந்த எழுத்தாளருக்கு வாய்க்கும்? கழுத்தில் ஒரு விசில் தொங்கும். காலையில் அதை அவர் ஊதினால்தான் எஸ்டேட்டில் வேலை தொடங்கும். சூரியன் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிடுவதை அவர் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்திருந்தார்.

அவருடைய அப்பா சமவெளியிலிருந்து மலையேறி வந்து காபிப் பழம் பறித்தவர். மனைவி அம்மணி இன்றைக்கும் பறிக்கிறார். இடையில் மாரிசாமி மட்டும் பழத்திலிருந்து பேனாவுக்கு ஏறியவர். அடுத்த படி மகள் ஏற வேண்டியது. மேனேஜர், அதிகாரி, விஞ்ஞானி, எதுவாக இருந்தாலும் சரி, உட்கார்ந்து செய்கிற வேலையாக இருக்க வேண்டும்.

ஒரு மத்தியானம் அவர் களி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சுகுணா எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, குலுக்கல்ல என் பேரு உழுந்திருச்சுங்ப்பா."

"எந்தக் குலுக்கல்? ஏலச்சீட்டா?"

"ஆஸ்திரேலியா விசாங்ப்பா. ஒரு வருசம் அங்க இருக்கலாம். ஊரச் சுத்திப் பாக்கலாம், செலவுக்கு வேலையும் செஞ்சுக்கலாம். நம்ம நாடு பூராவும் எத்தனையோ பேரு எழுதிப் போட்டாங்க. ஆயிரம் பேருக்குத்தான் கெடைக்கும்."

மாரிசாமி பாதி எழுந்துவிட்டார். ஆயிரத்தில் ஒருத்தி! விசிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். உடனே ஊதி எஸ்டேட்டைக் கூட்டலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"நம்ம புள்ளடி அம்மணி! ஆயிரத்துல ஒருத்தி! சரி கண்ணு, என்ன வேலை குடுக்கறான்?"

"செர்ரி பறிக்கறதுங்ப்பா."

களி தொண்டைக்கு இந்தப் பக்கமே நின்றது.

"எது, கேக்கு மேல வெக்கறாங்களே, அதா?"

"அதேதாங்ப்பா. ஆனா நெசமான செர்ரி. டாஸ்மேனியாங்கற எடத்துல."

"பேரே செரியில்லியே!"

அடுப்படியிலிருந்து அம்மணியின் குரல் வந்தது. "ஏன் கண்ணு, அங்க கடை எத்தன மணிக்குத் தொறக்கறாங்களாமா? உங்கொப்பன் கேக்கறாரு."

"நீ சும்மாரு!" மாரிசாமி தட்டைத் தள்ளினார். "ஏஞ்சாமி, எங்கய்யன் பழம் பறிச்சாரு. உங்கம்மா பழம் பறிக்கறா. நான் ஒருத்தன் தலையெடுத்துப் பேனாவப் புடிச்சேன். நீ காலேசுக்குப் போயி, பட்டம் வாங்கி, பிளேன் ஏறி, கடலத் தாண்டிப் போயி, மறுக்காவும் பழம் பறிக்கறதா? அதுக்கு நம்மூட்டு வாசப்படிய எறங்குனாவே போதுமே!"

"எறங்கலாங்ப்பா. ஆனா அங்க பறிச்ச காசுலயே அந்த நாட்டுல பாதியப் பாத்துட்டு வந்தரலாம். அம்மா இத்தன வருசமாப் பறிக்குது. எந்த ஊரப் பாத்திருக்குது?"

"நான் ஏற்காடு ஏரியிலயே போட்டுல போனதில்ல," என்றார் அம்மணி. குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார். ஏரி அவர்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச தூரம்தான்.

"சின்ன மொதலாளி ஒரு வருசம் எடுத்தாரு. அப்ப நீங்க எத்தன பெருமையாச் சொன்னீங்க? நான் எடுத்தா மட்டும் ஏனுங்ப்பா தப்பு?"

"அவரு சும்மா இருந்தா அது ரெஸ்டு. நாம சும்மா இருந்தா அது ஆப்சென்ட்டு." முப்பது வருடம் ஆள் கணக்கு எழுதியவருக்கு இதில் சந்தேகமே இல்லை.

சுகுணா சும்மா இருக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். பேரன் தன்னைத் தேடிய அந்த ஒரு வருடத்தில் பார்த்ததைவிட, அவள் புறப்படத் தயாரான சில மாதங்களில் பார்த்த வேலை அதிகம். உரக்கடைக்காரர் கொடுத்த காலண்டரில் மாதத்துக்கு மாதம் அந்த நாட்டில் என்ன பழுக்கும் என்று குறித்துவைத்தாள். வருடக் கடைசியில் செர்ரி. அது முடிந்தால் ஆப்பிள். குளிர் வந்து மரங்கள் சும்மா நிற்கும்போது வடக்கே போய் ஏதாவது தங்கும் விடுதியில் அறை சுத்தம் செய்வது. அதற்காக சனி, ஞாயிறுகளில் பகோடா பாயின்ட் போகிற வழியில் இருந்த ஒரு ஹோம்ஸ்டேயில் வேலைக்குச் சேர்ந்தாள். படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் விரிக்கப் பழகினாள். அறைக்கு வருகிற பெங்களூர்க்காரர்களிடம் ஆங்கிலம் பேசிப் பழகினாள். அவர்கள் முக்கால்வாசி வைஃபை பாஸ்வேர்டு மட்டும்தான் கேட்டார்கள் என்பதால், மற்ற பாடங்களை யூடியூப்பில் படித்துக்கொண்டாள்.

அந்த ஊரில் தோட்டத்திலிருந்து கடைக்குப் போக சைக்கிள் வேண்டும் என்று தெரிந்ததும் சைக்கிள் கற்றுக்கொண்டாள். மலையில் சைக்கிள் கற்பது எப்படிப்பட்ட காரியம் என்பது மலைக்காரர்களுக்குத் தெரியும். ஏறும்போது நாம் சைக்கிளைத் தள்ள வேண்டும், இறங்கும்போது சைக்கிள் நம்மைத் தள்ளும். காபி காயவைக்கிற சிமென்ட் களம் ஒன்றுதான் எஸ்டேட்டில் சமதளம். அதில் அவள் வட்டம் வட்டமாகச் சுற்றுவதைப் பார்த்து, பறிக்கிற பெண்கள், "இப்படியே சுத்திச் சுத்தியே ஆஸ்திரேலியா போயிரும் போல," என்றார்கள். முழங்கையில் சிராய்ப்போடு அவளும் சிரித்தாள். மறுநாள் மறுபடியும் சுற்றினாள். அங்கே ஏமாற்றுகிற தோட்டக்காரர்கள் யார், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறவர்கள் யார் என்றெல்லாம் ஏற்கெனவே போய்வந்தவர்களிடம் விசாரித்து, இரண்டு தோட்டங்களை வேண்டாம் என்று ஒதுக்கியும் வைத்தாள். வேலை கொடுக்கிறேன் என்று வந்த தோட்டத்தை ஒதுக்கிய முதல் ஆள், எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் அந்த லைன் வீடுகளின் சரித்திரத்தில் அவள்தான்.

மாரிசாமிக்கு இதெல்லாம் கண்ணில் படவில்லை. அவர் மனசு முழுவதும் ஒரே கேள்வி: ஊருக்கு என்ன சொல்வது?

அந்த வாரம் அவர் வேலையாக சேலம் போனார். திரும்பும்போது அடிவாரத்தில், மலையேறுகிற பஸ்ஸுக்காக டீக்கடையில் காத்திருந்தார். தெரிந்தவர் ஒருவர் மகளைப் பற்றி விசாரித்தார். "ஆஸ்திரேலியா போகுதுங்க, பழ விசயமா," என்றார் மாரிசாமி. அவ்வளவுதான் சொன்னார். செய்தி அவருக்கு முன்னால் பஸ்ஸில் ஏறி இடம் பிடித்துக்கொண்டது. மலைப்பாதையில் இருக்கிற இருபது கொண்டை ஊசி வளைவிலும் அது கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து முன்னேறியது. கீழ் வளைவுகளில் பழ விஷயம், நடுவில் பழ ஆராய்ச்சி, மேலே வரும்போது ஆஸ்திரேலியா அரசாங்கமே கூப்பிட்ட ஆராய்ச்சி. பஸ் ஏரிக்கரையில் நின்றபோது சுகுணா டாக்டராகி இறங்கினாள்.

மறுநாள் தோட்டத்து வேலை முடிந்து வந்த அம்மணி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். "ஏனுங்க டாக்டரம்மா, கொஞ்சம் தண்ணி மோந்து குடுக்கறீங்களா?"

சுகுணா சிரிக்கவில்லை. "ஆராய்ச்சின்னு ஏனுங்ப்பா சொன்னீங்க?"

"நான் பழம்னுதான் சொன்னேன். ஆராய்ச்சியான்னு அவிங்களாக் கேட்டாங்க. நான் இல்லீன்னு சொல்லல. அவ்ளோதான்."

"இப்ப இல்லீன்னு சொல்லிருங்க."

"இப்ப எப்படிச் சொல்றது? நேத்து மேனேஜரே கை குடுத்தாருடி!" அவர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டார். இன்னும் சரியாகக் கழுவவில்லை போலிருந்தது. "இங்க பாரு கண்ணு. நீ போறத நான் தடுக்கல. ஆனா எஸ்டேட்டுல யாரு கேட்டாலும் ஆராய்ச்சின்னு சொல்லோணும். அப்பத்தான் நான் உன்னய பிளேன் ஏத்தி உட வருவேன். இல்லீன்னா நீ பாட்டுக்குப் போயிக்க. எங்கிட்டச் சொல்லிக்கவும் வேண்டாம்."

விசா வந்துவிட்டது. அவர் வராவிட்டாலும் அவள் போகலாம். ஆனால் அப்பாவிடம் போய்வருகிறேன் என்று சொல்லாமல் இந்த மலையை விட்டு இறங்க சுகுணாவுக்கு மனமில்லை. பொய் சொல்லிவிட்டு இறங்கவும் மனமில்லை. இரண்டில் ஒன்றை விட்டே ஆக வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனாள். அன்றைக்கு ரொம்ப நேரம் சுற்றினாள்.

இதற்கு நடுவில் செர்ரித் தோட்டத்து முதலாளி வீடியோவில் பேச வேண்டும் என்று நாள் குறித்தார். எஸ்டேட்டில் செல்போன் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பதும் அந்தக் களத்தில்தான். மாரிசாமி தானும் உடன் இருப்பேன் என்றார். வெள்ளைக்காரத் துரைகள் இந்த மலையில் இருந்த காலத்தை அவர் பார்த்ததில்லை. ஆனால் அவர்களை எப்படி நின்று பார்க்க வேண்டும் என்பது குடும்பத்தில் வழிவழியாக வந்திருந்தது. முன்னாள் மேனேஜர் விட்டுப்போன கோட்டைப் போட்டுக்கொண்டார். அதன் தோள்கள் அவருடைய தோள்கள் முடிந்த பிறகும் கொஞ்சம் தொடர்ந்தன. தலையைப் படிய வாரி, மகளுக்குப் பின்னால் விறைப்பாக நின்றார். சுகுணா போனைக் காபி மூட்டை மேல் சாய்த்து வைத்தாள்.

இங்கே உச்சி வெயில். அங்கே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. திரையில் துரை வரவில்லை. கையில்லாத பனியன் போட்ட, அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் டிராக்டர் மட்கார்டின் மேல் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். நகக்கண்ணெல்லாம் மண். மடியில், பழத்தைப் பறவை கொத்தாமல் மரத்துக்குப் போர்த்துகிற வலை. கிழிந்த இடத்தைத் தைத்துக்கொண்டிருந்தார் போல. பெயர் ஜானீன் என்றார்.

"மொதலாளி எப்ப வருவாங்களாம்?" என்று மாரிசாமி கிசுகிசுத்தார்.

"இவங்கதாங்ப்பா."

கோட்டுக்குள் மாரிசாமி கொஞ்சம் இறங்கினார்.

ஜானீன் நாலு கேள்வி கேட்டார். ஏணி ஏறுவாயா, குளிர் தாங்குவாயா, மழை பெய்தால் வேலை இருக்காது, சம்மதமா, பாட்டுச் சத்தமாக வைப்போம், பொறுத்துக்கொள்வாயா? சுகுணா பதில் சொன்னாள். பிறகு, "நானும் சிலது கேட்கலாமா?" என்றாள்.

மாரிசாமி பின்னாலிருந்து அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார். சுகுணா துப்பட்டாவை விடுவித்துக்கொண்டு கேட்டாள். பெண்கள் தங்கும் அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டா? ஏணியிலிருந்து விழுந்தால் ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவார்கள்? முன்பு வேலை செய்த பெண்கள் இரண்டு பேரிடம் பேச முடியுமா? கடைசியாக ஒரு கேள்வி. அதை லைன் வீட்டில் பிறந்த பிள்ளை மட்டும்தான் கேட்கும்.

"மழை பெய்தால் அறை ஒழுகுமா?"

ஜானீன் ரொட்டியை மெல்லுவதை நிறுத்தினார். இத்தனை வருடத்தில் எத்தனையோ நாட்டுப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள், இதை யாரும் கேட்டதில்லை என்றார். கடலைப் பற்றிக் கேட்பார்கள், கங்காருவைப் பற்றிக் கேட்பார்கள். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "உண்மையைச் சொன்னால், கடைசி அறையில் ஒரு மூலை ஒழுகும். நீ வருவதற்குள் சரி செய்துவிடுகிறேன்," என்றார். சொன்ன கையோடு, பின்னால் யாரையோ பார்த்து ஏணி எடுத்து வரச்சொல்லிக் கத்தினார்.

போன் வைத்த பிறகு மாரிசாமி கோட்டைக் கழற்றாமல் காபி மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"கையில மண்ணு இருந்துச்சே, அந்தம்மாவுக்கு."

"ஆமாங்ப்பா. பறிப்பு சமயத்துல அவங்களும் ஏணி ஏறுவாங்களாம்."

"ஒழுகுதுன்னு அவிங்களே ஒத்துக்கிட்டாங்க."

"கேட்டமில்லீங்ப்பா."

மாரிசாமி மேலே லைன் வீடுகளைப் பார்த்தார். அவர் வீட்டுக் கூரையும் ஒழுகும். ஒவ்வொரு மழைக்கும் அம்மணி எந்தப் பாத்திரத்தை எங்கே வைப்பார் என்பது அவருக்கு மனப்பாடம். இத்தனை வருட வேலையில் அவர் மேனேஜர்களிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "வேற ஏதாச்சும் இருக்குதுங்களா சார்?" அதுவும் அவர்கள் அடுத்த வேலையைச் சொல்ல வேண்டுமே என்பதற்காகக் கேட்டது. தன் மகள் கடல் தாண்டியிருக்கிற ஒரு முதலாளியிடம் முதல் பேச்சிலேயே கூரையைப் பற்றிக் கேட்டுவிட்டாள், அதற்கு அந்த முதலாளி கோபித்துக்கொள்ளவும் இல்லை. அவருக்கு அது ஜீரணமாக நாளாயிற்று.

ஜீரணமாவதற்கு முன் ஆயுத பூஜை வந்துவிட்டது.

அந்த எஸ்டேட்டில் ஆயுத பூஜைக்கு ஒரு வழக்கம் உண்டு. காபிப் பழத்தைத் தோல் நீக்குகிற பல்ப்பர் ஹவுஸில் எல்லோரும் அவரவர் கருவியைக் கொண்டுவந்து வரிசையாக வைப்பார்கள். பல்ப்பர் ஓட்டுகிற ஐயாக்கண்ணு அன்றைக்கு மட்டும் பூசாரி. அவர் ஒவ்வொரு கருவியாகத் தொட்டு, "இது யாருது?" என்று கேட்பார். உரியவர் எல்லோர் காதிலும் விழும்படி "என்னுது சாமி" என்று சொல்ல வேண்டும். சொன்னால் கருவிக்குச் சந்தனப் பொட்டு, சொன்னவர் கையில் மஞ்சள் கயிறு. அடுத்தவன் கருவியைத் தன்னுது என்று சொன்னால் அந்த வருடம் முழுக்க அடுத்தவன் வேலையைச் செய்ய நேரும் என்பது நம்பிக்கை. ஜீப் டிரைவர் சின்னராஜ் ஒரு வருடம் பெருமைக்காக மச்சானுடைய லாரிச் சாவியைக் கொண்டுவந்து தன்னுது என்றான். வருடம் பூராவும் மச்சானுடைய லாரியைக் கழுவிக்கொண்டிருந்தான். அவனையே கேட்டால் சொல்வான்.

மாரிசாமிக்குக் கவலை வேறு. ஆராய்ச்சிக்குப் போகிற பெண்ணுக்கு ஆராய்ச்சிக் கருவி வேண்டாமா? மேனேஜர் வருகிற பூஜை. பள்ளிக்கூடத்து லேப் உதவியாளர் ஜேசுதாஸ் அவருக்குப் பழக்கம். அவரைப் பிடித்து ஒரு மைக்ராஸ்கோப்பை இரவல் வாங்கினார். ஜேசுதாஸ் தானும் கூடவே வந்தார், கருவியைத் தனியாக விட மனசில்லாமல்.

"லென்சுல மட்டும் சந்தனம் படக்கூடாதுங்க ரைட்டரே. ஹெட்மாஸ்டருக்குத் தெரிஞ்சா எனக்குத் தேங்கா ஒடச்சிருவாரு."

பூஜைக்குப் புறப்படும்போது வீட்டு வாசலில் மைக்ராஸ்கோப்பைப் பார்த்தாள் சுகுணா. அவள் கையில் அம்மா தைத்துக் கொடுத்த, இடுப்பில் கட்டிக்கொள்கிற புதுப் பறிப்புப் பை இருந்தது.

"அப்பா, பூசாரி கேட்டா இது என்னுதுன்னு நான் சொல்ல மாட்டேன்."

"சொல்ல வேண்டாம். தலைய மட்டும் ஆட்டு."

"ஆட்டவும் மாட்டேன். இல்லீன்னு சொல்லி உங்களையும் எல்லாத்து முன்னாடியும் கேவலப்படுத்த மாட்டேன். வாயே தொறக்கல. நீங்க என்ன சொல்றீங்களோ சொல்லிக்குங்க. ஆனா என்னோட பை இதுதான். இதையும் வெப்பேன்."

பல்ப்பர் ஹவுஸில் பொரி, சுண்டல், பூசணிக்காய் எல்லாம் தயார். கத்திகள், மண்வெட்டிகள், மருந்தடிக்கிற மெஷின், கூடைகள் வரிசையில் இருந்தன. வாசலில் வாழைக்கன்று கட்டிய ஜீப். மாரிசாமியின் பேனாவும் விசிலும் தனியாக ஒரு வாழையிலையில், மற்ற கருவிகளோடு ஒட்டாமல் இருந்தன. பக்கத்தில் பட்டுத்துணி விரித்து மைக்ராஸ்கோப். அதன் அருகே சுகுணாவின் பை.

பெண்கள் மைக்ராஸ்கோப்பைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"இதுல என்னங்க தெரியும்?"

ஜேசுதாஸ் கடமை உணர்வோடு பிரசாதத் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்த வெங்காயத்தில் தோல் உரித்து வைத்துக் காட்டினார். ஒரு பாட்டிமார் கூட்டமே ஒற்றைக்கண்ணை மூடி எட்டிப் பார்த்தது.

"என்ன தெரியுதுக்கா?"

"கட்டம் கட்டமா என்னமோ தெரியுது. வெங்காயத் தோலாம்."

"வெங்காயத் தோலப் பாக்கவா புள்ள ஆஸ்திரேலியா போகுது? நம்மூட்டு அடுப்படிக்கு வந்தா சாக்குச் சாக்கா இருக்குதே!"

மாரிசாமி முறைத்தார். மேனேஜர் வந்தார். சத்தம் அடங்கியது. ஐயாக்கண்ணு தட்டோடு தொடங்கினார்.

"இது யாருது?"

"என்னுது சாமி."

கத்தி, மண்வெட்டி, கூடை என்று நகர்ந்து வந்தது கேள்வி. சின்னராஜ் ஜீப் சாவிக்கு "எஸ்டேட்டுது சாமி, ஓட்டறது மட்டும் நானு," என்று ஜாக்கிரதையாகச் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். அம்மணி தன் கூடைக்குச் சொன்னார். மாரிசாமி பேனாவுக்கும் விசிலுக்கும் சொன்னார், மேனேஜர் பக்கம் பார்த்தபடி. ஐயாக்கண்ணுவின் விரல் மைக்ராஸ்கோப் மேல் வந்து நின்றது.

"இது யாருது?"

எல்லோரும் சுகுணாவைப் பார்த்தார்கள். சுகுணா அப்பாவைப் பார்த்தாள். சொன்னபடியே வாய் திறக்கவில்லை. முகத்தில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. ஜானீனிடம் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தபோது எப்படி இருந்தாளோ அப்படி இருந்தாள்.

"கேக்கறனில்ல, யாருது?" என்றார் ஐயாக்கண்ணு.

மாரிசாமியின் கை தானாக நெஞ்சுக்குப் போய் விசிலைத் தேடியது. அது இலையில் கிடந்தது, பொட்டு வைத்துக்கொண்டு. சங்கடமான நேரங்களில் ஊதிச் சமாளிக்க அவருக்கு இருந்த ஒரே ஆயுதமும் பூஜையில் இருந்தது. பொட்டு வைத்த கருவியை மறுநாள் வரை எடுக்கக்கூடாது.

அவர் மகளைப் பார்த்தார். ஒரு "என்னுது" சொன்னால் போதும், அவள் அப்பாவோடு பிளேனுக்குப் போகலாம். அது அவளுக்குத் தெரியும். அப்படியும் பேசாமல் நிற்கிறாள். இன்னொரு பக்கம் ஒரு "இல்லீ" சொல்லி அவரைக் கவிழ்க்கவும் அவளால் முடியும். அதையும் செய்யாமல் நிற்கிறாள். இந்தத் தைரியம் யார் வீட்டுப் பிள்ளைக்கு வரும் என்று யோசித்தார். தன் வீட்டுப் பிள்ளைக்குத்தான் வந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. இத்தனை பெரிய பெருமை வீட்டிலேயே இருக்க, எதற்கு வெளியே போய் இரவல் வாங்கினோம் என்று இருந்தது.

"அது ஸ்கூலுதுங்க சாமி," என்றார். "ஜேசுதாஸ் பத்திரமாக் கொண்டுபோயிருவாரு."

"அப்ப புள்ளயுது?"

மாரிசாமி குனிந்து பையை எடுத்தார். காலையில் ஆட்களின் பெயர் கூப்பிடுகிற அதே குரலில், களம் வரைக்கும் கேட்கிறபடி சொன்னார்.

"இதுதான். எம்மவ ஆராய்ச்சிக்கும் போகல, ஒண்ணுக்கும் போகல. பழம் பறிக்கப் போறா. ஆஸ்திரேலியாவுல!"

பிறகு சுகுணா, "என்னுது சாமி," என்றாள். ஐயாக்கண்ணு பைக்குப் பொட்டு வைத்தார். கயிற்றை எடுத்து மாரிசாமி கையில் கொடுத்து, "நீங்களே கட்டி உடுங்க ரைட்டரே," என்றார். கட்டும்போது அவர் முழங்கை பட்டுப் பக்கத்தில் இருந்த சந்தனக் கிண்ணம் சாய்ந்தது. ஜேசுதாஸ் "ஐயோ கர்த்தரே!" என்று பாய்ந்தார். மைக்ராஸ்கோப்பின் நெற்றியில் பெரிதாக ஒரு பொட்டு விழுந்திருந்தது. லென்சு தப்பியது.

அதற்குள் பெண்கள் சுகுணாவைப் பிடித்துக்கொண்டார்கள். டாக்டரம்மாவிடம் கேட்க அவர்களுக்கு ஒன்றும் இருந்ததில்லை. பழம் பறிக்கப் போகிறவளிடம் கேட்க ஆயிரம் இருந்தது.

"அங்க அட்டை கடிக்குமா கண்ணு?"

"மரத்துல கட்டெறும்பு உண்டா?"

"எடை போட அங்கயும் ஒரு ரைட்டரு விசிலோட நிப்பாரா?"

"நின்னாருன்னா பாவம் அவரு," என்றார் அம்மணி. "இது கேக்கற கேள்வியில விசில முழுங்கிருவாரு."

மேனேஜர் சுண்டலை வாங்கிக்கொண்டு போனார். இந்த முறை கை கொடுக்கவில்லை. மாரிசாமி கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வீட்டுக்குப் போய் நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவினார்.

சுகுணா புறப்பட்ட நாளில், மாரிசாமி கோட்டு இல்லாமல், மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு சென்னை விமான நிலையம் வரை வந்தார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் போகும் வரை கையை உயர்த்திக்கொண்டே நின்றார். அம்மணி, "போயி மொதல்ல கூரையப் பாரு கண்ணு," என்று சத்தம் போட்டார்.

மாரிசாமியின் அலட்டல் அதோடு ஒழிந்துவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். திரும்பும் வழியில் அடிவாரத்து டீக்கடையில் அதே ஆள் எதிர்ப்பட்டார். "டாக்டரு போயிட்டுதுங்களா?" என்று கேட்டார்.

"டாக்டரு யாரு வேணும்னாலும் ஆகலாமுங்க," என்றார் மாரிசாமி, டீயை ஆற்றியபடி. "பழம் பறிக்கறதுன்னா சும்மாவா? நம்ம நாட்டுலயே ஆயிரம் பேருதான். அதுலயும் மொதலாளியையே கேள்வி கேட்டுட்டுப் போனது எம்மவ ஒருத்திதான். அந்த மொதலாளியம்மா, கேள்வி தாங்காம, டிராக்டருல இருந்து எறங்கி ஏணி எடுத்துட்டு ஓடிருச்சுங்க." செய்தி பஸ் ஏறியது. மேலே போய்ச் சேரும்போது ஏணியோடு ஓடியவர்களில் ஆஸ்திரேலியாவின் மந்திரி ஒருவரும் சேர்ந்திருந்தார் என்று கேள்வி.

காபிப் பறிப்பு தொடங்கிய சில நாளில் மலையில் மழை பிடித்துக்கொண்டது. லைன் வீடுகளில் பாத்திரங்கள் வரிசையாகத் தாளம் போட்டன. பொழுது சாய்ந்து பழம் எடை போடும்போது, வரிசையில் நின்ற ஒரு பெண் கேட்டார்:

"ஏனுங்க ரைட்டரே, உங்க புள்ள அங்க போகறதுக்கு முன்னாடியே கூரை ஒழுகுமான்னு கேட்டுச்சாமா. நாம இங்கயே இருந்துக்கிட்டு எப்பக் கேக்கறது?"

மாரிசாமி வழக்கம்போல விசிலைத் தொட்டார். ஊதவில்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

மூன்றாம் நாள் மாரிசாமி வாட்ஸ்அப்பில் சுகுணாவைக் கூப்பிட்டார். அவள் ஏணி மேலிருந்தே போனை எடுத்தாள்.

"கண்ணு, சாப்டியா? இன்னைக்கு மேனேஜர்கிட்ட ஒரு கேள்வி கேட்டுட்டேன். நொம்ப வேர்த்துப் போச்சு."

"என்ன சொன்னாருங்ப்பா?"

"அடுத்த வாரம் சொல்றேன்னாரு."

பழம் பறிக்கிற கையை நிறுத்தாமல், தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு அவள் சொன்னாள்.

"செரிங்ப்பா. அடுத்த வாரம் மறுக்காவும் கேளுங்க."